கலவையும் கணிதமும்: கருத்தரங்கத் தலைமையுரை



நிறமாலையைக் கொண்டு வேதிக் கலவைகளைப் பகுத்தறியும் புள்ளியியல் முறைகளை ஆராய நாம் கூடியிருக்கும் இதே புதுச்சேரியில், 1825ஆம் ஆண்டில், பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த, எண்களைச் சொற்களில் பொதிந்த வாக்கியங்களின் துணையாலேயே சந்திர கிரகணமொன்றைக் கணித்துக் காட்டிய வரலாறு, ஜான் வாரனின் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலால் உலகறிந்ததாயிற்று. கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே பிசகிற்று. முடிவிலோ 52 நிமிடம் பிசகிற்று. அப்பெரியவரின் நினைவாற்றலை வணங்குகிறேன். ஆயினும், தம் கணக்கில் எப்பகுதி நம்பத்தக்கது, எப்பகுதி தகாதது என்பதைச் சோழிகள் அவருக்குச் சொல்லவில்லை. நம் கணினிகளும் தாமாக அதைச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். இன்று என் பேச்சு அதைப் பற்றியதே.

பால் கூட்டுறவுச் சங்கமொன்றின் விடியற்காலையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். தூக்குவாளியோடு ஓர் அம்மாள் வரிசையில் நிற்கிறாள். தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டிக்கொடுக்கும். ஆனால் தண்ணீரோடு சர்க்கரையையும் சேர்த்துவிட்டால், குறைந்த அடர்த்தி மீண்டும் ஏறிப் பால்மானி ஏமாந்துபோகும். ஆகவே அகச்சிவப்புக் கருவி வந்தது. ஒரு சிறு குப்பிப் பாலை உறிஞ்சிக்கொண்டு, கொழுப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு என்று சிறிது நேரத்தில் எண்களை ஒளிரவிடுகிறது. அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன? ஒளி ஊடுருவும் ஒவ்வொரு சம அடுக்கும் சம விகிதத்தில் அதனைக் குறைக்கும் என்று 1729இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் கண்டார். கரைசலின் செறிவுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தொடர்பை 1852இல் அறிஞர் பீர் நிறுவினார். கலவையின் நிறமாலை, பெரும்பாலும், அதன் கூறுகளின் நிறமாலைகளுடைய கூட்டுத்தொகையாகும். தொல்லையும் அங்கேதான். புரதத்தின் பட்டை அலையெண் 1650ஐ ஒட்டி எழுகிறது. தண்ணீரின் பட்டையோ 1640ஐ ஒட்டி எழுகிறது. பாலிலோ பெரும்பங்கு தண்ணீர். தவில் முழங்கும் பந்தலில் தம்புராவின் சுருதியைத் தேடுவது போன்ற காரியம் இது.

ஒரே அலையெண்ணை நம்பாமல் நிறமாலை முழுவதையும் ஒருசேர நோக்க, பியர்சன் 1901இல் விதைத்து ஹோட்டலிங் 1933இல் வளர்த்த முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு வழி செய்தது. தூய பொருள்களின் நிறமாலைகள் கைவசம் இல்லாமலேயே கலவையைப் பிரிக்கலாம் என்று லாட்டனும் சில்வெஸ்டரும் 1971இல் காட்டினர். உறிஞ்சலும் அளவும் பூஜ்யத்திற்குக் கீழே போகா என்ற நிபந்தனையே அவர்களுக்குத் துணை. அம்முறை பொதுவாகத் தருவது ஒரே விடையையன்று, ஏற்கத்தக்க விடைகளின் எல்லையையே. அவ்வெல்லைக்குள் உண்மையைச் சுட்ட வேதியியல் அறிவு வேண்டும்.

இனி அந்த அம்மாளிடம் திரும்புவோம். கருவியின் அளவுத்திருத்தம் குளிர்நாட்டுப் பசுக்களின் பாலைக் கொண்டு செய்யப்பட்டிருக்க, அவள் கொணர்ந்ததோ வைக்கோலும் பருத்திக்கொட்டையும் தின்ற எருமையின் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி மௌனம் சாதிப்பதில்லை. அப்போதும் ஓர் எண்ணைத் தருகிறது. அவ்வெண்ணை நம்பி அவளைக் கலப்படக்காரி என்றால், அது அநீதி. இதற்கான பரிகாரம் நம் தேசத்திலேயே பிறந்தது. 1920இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடல் அளவைகளை ஆராயும்படி விலங்கியலாளர் அன்னண்டேல் வேண்ட, அப்பணியில் இறங்கிய புள்ளியியலாளர் மகலநோபிஸ், 1936இல் தம் பெயரால் வழங்கும் தூரத்தை வரையறுத்தார். ஒன்றோடொன்று பிணைந்து மாறும் அளவைகளின் பிணைப்பையும் கணக்கில் கொண்டு, ஒரு மாதிரி தன் கூட்டத்தினின்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது அளக்கிறது. விலகல் மிகுமாயின் எண்ணை நிறுத்திவைத்து, பாலை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதே முறை.

கலப்படத்தைக் காணவும் இத்தூரம் உதவும். 2008இல் சீனத்தில், நைட்ரஜனை அளந்து புரதத்தை மதிப்பிடும் சோதனையை, பாலில் கலக்கப்பட்ட நைட்ரஜன் செறிந்த மெலமைன் ஏமாற்றியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர், ஆறு குழந்தைகள் மாண்டனர். மெலமைனைத் தேட வேண்டும் என்று அச்சோதனைக்குத் தெரியாது. தேடாத பொருளையும், அளவு போதுமாயின், ‘இது நம் கூட்டத்ததன்று’ என்று தூரக் கணக்கு எச்சரிக்க வல்லது. கலப்படமாகச் சேர்க்கப்படும் யூரியாவின் சங்கதி வேறு. அது இயல்பாகவே பாலில் உண்டு. நம் உணவுச் சட்டம் 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆகவே அங்கே விலகலோடு பிழையின் அகலமும் தெரிந்தாக வேண்டும்.

இங்கே கட்டுரை வாசிப்போர் ஒவ்வொருவரும் தம் மாதிரிகள் எந்த ஊரின, எந்தப் பருவத்தின என்று கூறி, முடிவுகளோடு தூரத்தையும் பிழையையும் தெரிவிக்க வேண்டுகிறேன். பாகூர் எருமைகளின் மார்கழிப் பாலையும் விழுப்புரத்துக் கலப்பினப் பசுக்களின் சித்திரைப் பாலையும் சேகரிக்க முன்வருவோர் இந்த அவையிலேயே இருக்கலாம். அவர்கள் இடைவேளையில் என்னைச் சந்திக்கட்டும். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.