நஞ்சை உண்ணும் மண்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் தமிழரும் முஸ்லிம்களும் வரம்புக்கு வரம்பு அயலாக வேளாண்மை செய்கின்றோம். சேனநாயக்க சமுத்திரத்து நீர் நம் வயல்களைக் கடந்து களப்பைச் சேர்கிறது. நாம் அடிக்கும் கிருமிநாசினியில் ஒரு பங்கு அந்நீரோடு போகிறது. ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. தங்கியது என்னவாகிறது?

விடை கிடைத்த இடமும் நெல்வயலே. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நீர் கட்டிய மண்ணில் பி.எச்.சி. என்னும் மருந்து சிதைவதை ரகு, மக்ரே என்னும் அறிஞர் இருவர் 1966இல் எடுத்துக்காட்டினர். அவ்வேலையைச் செய்தவை மண்ணில் வாழும் நுண்ணங்கிகளே. 1973இல் அதே நிலையத்தின் சேதுநாதனும் யோஷிடாவும், டயசினோன் இட்ட வயல்நீரிலிருந்து பிளேவோபற்றீரியம் என்னும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தனர். நமக்கு நஞ்சாயிருப்பது அதற்கு உணவு! அதன் நொதியம் நஞ்சின் மூலக்கூறை நீரின் துணைகொண்டு இரண்டாக வெட்டிவிடுகிறது.

அப்படியாயின் ஒரு போத்தல் பற்றீரியாவை வாங்கி ஊற்றினாற் போதுமே என்று சிலர் எண்ணலாம். ஆய்வுகூடத்தில் செழித்தது, வயலிலுள்ள ஏனைய உயிர்களோடு போட்டியிட்டுப் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அன்றியும் இதே பற்றீரியா பரதியோன் என்னும் மருந்தை வெட்டுமேயன்றி, எஞ்சும் நைத்திரோபீனோலைத் தொடாது. அதற்கு வேறோர் இனம் வேண்டும். செம்பு, ஆசனிக்கு போன்ற மூலகங்களையோ எந்த நுண்ணங்கியாலும் இல்லாமற் செய்ய முடியாது.

கமக்காரர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது இனித்தான் வருகிறது. டயசினோனைத் திரும்பத் திரும்ப இட்ட வயல்களில் நுண்ணங்கிகள் அதனை வரவர விரைவாகத் தின்று தீர்த்தன. அறக்கொட்டியை அடக்கும் வலு அம்மருந்துக்குக் குறைந்தது. இதனைச் சேதுநாதன் 1971இலேயே எழுதினார். நம்மவர் என்ன செய்வர்? மருந்து கேட்கவில்லையென்று அளவைக் கூட்டுவர். நுண்ணங்கிக்கு விருந்து, கடைக் கடனோ நமக்கு. அறக்கொட்டியைப் பிடித்துண்ணும் சிலந்திகளும் அத்தோடு மடியும்.

ஆகவே, போகத்துக்குப் போகம் ஒரே மருந்தை அடியாதீர்கள். வைக்கோலைக் கொளுத்தாமல் உழுது மண்ணிற் புதையுங்கள். மண்ணிலுள்ள நுண்ணங்கிகளுக்கு அது தீன். மருந்துத் தாங்கியை வாய்க்காலிற் கழுவும் வழக்கத்தை இந்தப் பெரும்போகத்தோடு விட்டுவிடுங்கள். அந்த நீர் களப்பை அடையுமுன் அதிலுள்ள நஞ்சைத் தின்று முடிக்க நுண்ணங்கிகளுக்கு அவகாசம் கிடையாது.