கண்மாயும் கணிப்பொறியும்



மதுரையிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் ஒரு கண்மாய்க் கரை நம் கண்ணில் படும். மாடக்குளமும் வண்டியூரும் நீங்கள் அறிந்தவையே. கரையை முதலில் எழுப்பியவர் ஒரு மன்னராக இருந்திருக்கலாம். ஆனால் அது நெடுங்காலம் நீர் தாங்கி நின்றதற்கு அவர் மட்டும் காரணம் அல்லர். ஆண்டுதோறும் வரத்துக்காலில் மண் அள்ளி, மடையைச் சீர்செய்து, கரையின் உடைப்பை அடைத்த ஊர்மக்களே காரணம். அப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

இன்று நான் பேசப் புகுவது கண்மாயைப் பற்றியன்று, கணிப்பொறியைப் பற்றி. எனினும், அங்கும் ஒரு குடிமராமத்து ஓசையின்றி நடைபெற்று வருகின்றது. அதனை உங்களுக்கு அறிமுகம் செய்வதே என் நோக்கம்.

கணிப்பொறித் திரையில் பொத்தான்களையும் பட்டியல்களையும் எழுதும் கட்டங்களையும் காண்கிறோம். நிரல் எழுதும் ஒவ்வொருவரும் இவற்றைத் தாமே புதிதாகச் செய்யத் தொடங்கினால் வேலை முடியுமா? வீடு கட்டுவோர் கதவையும் சன்னலையும் தச்சுப் பட்டறையில் வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள் அல்லவா? அத்தகைய பட்டறைதான் வரைகலை இடைமுகக் கருவித்தொகுதி என்பது.

அவற்றுள் ஒன்றின் கதையைக் கேளுங்கள். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள், படங்களைத் திருத்தும் கிம்ப் என்ற நிரலை எழுதத் தொடங்கினர். அப்போது வழக்கில் இருந்த மோட்டிஃப் என்னும் கருவித்தொகுதி கட்டற்றதாக இல்லை. ஆகவே மாட்டிஸ் தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தார். அதுவே ஜி.டி.கே. எவரும் அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று உரிமம் அளிக்கப்பட்டது. 1997இல் தொடங்கிய க்னோம் என்னும் திரைமுகம் அதன்மீதே எழுந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் அந்த க்னோம் முகத்துடனேயே வந்தது. இரு மாணவர்கள் தம் தேவைக்கெனத் தொடங்கிய வேலை இவ்வாறு நம் ஊர் வரை வந்து சேர்ந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கொ’ என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். யூனிகோடு முறையில் கணிப்பொறியின் நினைவில் முதலில் ககரமும், அடுத்து ஒகரக் குறியும் இருக்கும். திரையிலோ ஒற்றைக் கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்க வேண்டும். இரண்டாக இருப்பதை மூன்றாகப் பிரித்து, இடம் மாற்றி வரைவது யார்? 2002ஆம் ஆண்டு வந்த ஜி.டி.கே. இரண்டாம் பதிப்பில் பேங்கோ என்ற எழுத்தமைப்புப் பகுதி சேர்ந்தது. ‘எல்லாம்’ என்னும் கிரேக்கச் சொல்லையும் ‘மொழி’ என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்து இட்ட பெயர் அது. இன்று எழுத்து வடிவங்களைத் தேர்ந்து அடுக்கும் பணியை ஹார்ஃப்பஸ் என்ற மற்றொரு கட்டற்ற நிரல் செய்கின்றது. தமிழறியாத நாடுகளில் இருப்போரும் நம் கொம்புக்கும் காலுக்கும் உழைத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

எழுப்பியதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. க்னோம் ஆண்டுக்கு இருமுறை புதுப்பதிப்பு காண்கின்றது. ஒருமுறை புதுப்பதிப்பை நிறுவியபோது, நேற்றுவரை தமிழில் இருந்த ஒரு வரி ஆங்கிலமாக நிற்கக் கண்டேன். யாரோ தமிழை நீக்கிவிட்டார்கள் என்று சினங்கொண்டேன். ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. ஆங்கில மூலத்தில் இரண்டு சொற்கள் மாறியிருந்தன. மூலம் மாறினால் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்திற்குரியதெனக் குறிக்கப்படும். ஒருவர் பார்த்துச் சரியென்று கூறும்வரை ஆங்கிலமே தோன்றும். தமிழை நீக்கியவர் ஒருவரும் இலர். அவ்விடத்தில் தமிழைக் காத்து நின்றவரும் இலர். அன்று நான் திருத்தி அனுப்பியது ஒரே ஒரு வரி. கோபத்திற்குச் செலவிட்ட நேரத்தைவிட அதற்குக் குறைந்த நேரமே ஆயிற்று.

பராமரிப்போரின் இன்னல் இன்னொன்று உண்டு. மடையை இடம் மாற்றினால் கீழே உள்ள வயல்கள் அனைத்தும் தம் வாய்க்கால்களை மாற்றியாக வேண்டும். கருவித்தொகுதியும் அப்படித்தான். மாற்றாதிருந்தால் புதிய திரைகளுக்கும் தொடுமுறைக்கும் அது பொருந்தாது. மாற்றினாலோ அதன்மீது எழுந்த நிரல்களை எல்லாம் திருத்தியாக வேண்டும். ஜி.டி.கே. மூன்றாம் பதிப்பு 2011இலும் நான்காம் பதிப்பு 2020இலும் வந்தன. எந்த நிரலுக்காக அது பிறந்ததோ, அந்த கிம்ப் மூன்றாம் பதிப்பிற்கு மாறி நிலையான வெளியீடு கண்டது 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான். இதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். வேலை மலையளவு, கைகளோ சில. உலகில் எண்ணற்றோர் பயன்படுத்தும் இத்தொகுதியின் பெரும்பகுதி வேலையை இன்றும் ஒரு சிறு குழுவே தாங்கி வருகின்றது. அவர்களுள் சிலருக்கு நிறுவனங்கள் ஊதியம் தருகின்றன. ஏனையோர் ஓய்வு நேரத்தை ஈகிறார்கள்.

மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? பெரிய நிரல் எழுத வேண்டியதில்லை. ஒரு குறை கண்டால், எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். ஆங்கிலமாகிப் போன ஒரு வரியைத் தமிழாக்குங்கள். மூல நிரலைத் திறந்து படியுங்கள். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் திருத்தம் ஏற்கப்படாவிடில் காரணம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

கண்மாய் நிரம்பிய பின் நீர் பாய்ச்ச வருவோர் பலர். கோடையில், வறண்ட வரத்துக்காலில், மண்வெட்டியுடன் வந்து நிற்போர் சிலர். அடுத்த மாரியில் ஊருக்கு நீர் உண்டா என்பது அந்தச் சிலரைப் பொறுத்தது. நாளைய கணிப்பொறித் திரையில் தமிழ் உண்டா என்பதும் அவ்வாறே.