ஒழுங்கே நம் முதலீடு



இவ்வெள்ளி விழாவில் வரைகலைத் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அழைப்பிதழ், சுவரொட்டி, நூல் அட்டை ஆகியவற்றை வடிவமைத்துப் பிழைக்கும் நான், இத்தொழிலின் அழகைக் காட்டிலும் அதன் ஒழுங்கைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நெய்வேலிச் சுரங்கத்தை நீங்கள் அறிவீர்கள். முதலில் நிலத்தடி நீரை இறைத்து அதன் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். மேல்மண்ணை அடுக்கடுக்காக அகற்றுகிறார்கள். அதன் பிறகே பழுப்பு நிலக்கரி கைக்கு எட்டுகிறது. நம் தொழிலுக்கும் அத்தகைய வரிசை உண்டு.

முதலாவது, வேலையை ஏற்கும்போதே அளவு, படிகளின் எண்ணிக்கை, கொடுக்க வேண்டிய நாள், கூலி, எத்தனை முறை திருத்தித் தருவது ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். இரண்டாவது, வடிவமைக்குமுன் மெய்ப்புப் பாருங்கள். பழைய குறியீட்டில் தட்டச்சு செய்த தமிழ், வேறு எழுத்துருவில் உருக்குலைந்துவிடும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆதலின் செய்தி முழுவதையும் முதலில் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது, கணினியைத் தொடுமுன் தாளில் பென்சிலால் இரண்டு மாதிரிகள் வரையுங்கள். நான்காவது, அச்சுக்குரிய படங்கள் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் கொண்டனவா, வெட்டுவதற்கு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவது, இறுதிப்படியில் கையொப்பம் வாங்கிய பின்னரே அச்சகத்திற்கு அனுப்புங்கள். கோப்புகளை நாளும் பெயரும் இட்டு ஈரிடங்களில் சேமியுங்கள்.

இந்த ஐந்தாவது பாடத்தை நான் பொருள் இழந்தே கற்றேன். தொடக்க நாளில் ஒருவருடைய திருமண அழைப்பிதழை, "சரிதான், அடியுங்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி அச்சிட்டேன். முகூர்த்த நேரம் பிழையாயிருந்தது. கையொப்பம் இல்லாமையால் மறுபதிப்பின் செலவு என் தலையில் விழுந்தது. அம்மாத வாடகைக்கு என் தாயார் தம் தோட்டை அடகு வைத்தார்.

ஒழுங்கு நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" வார இதழைத் தொடங்கினார். பின்னர் "தமிழன்" எனப் பெயர் மாறிய அதனை 1914இல் மறையும் வரை நடத்தினார். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் அது. எழுதுதல், அச்சுக் கோத்தல், திருத்துதல், அஞ்சலிடுதல் ஆகியவை முறைப்படி நடந்தாலன்றி வார இதழ் ஒன்று ஏழாண்டுகள் நிலைத்திராது.

இளைஞர்களே! நம்மிற் பலர்க்குத் தந்தை விட்டுச்சென்ற கடை இல்லை. தவறு நேர்ந்தால் தாங்குவதற்குக் கைப்பணமும் இல்லை. எனவே ஒழுங்கையே முதலீடாகக் கொள்ளுங்கள். சொன்ன நாளில், பிழையின்றி வேலையைக் கொடுப்பவன் கூலியைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று கேட்கலாம்.