அசெம்பிள் கம்ப்யூட்டர் நின்றுபோனால்

(பழவேற்காட்டில் நம் அறக்கட்டளையின் படிப்பறையில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இதோ மேசைமேல் இருக்கிறதே, இந்தக் கம்ப்யூட்டரை உங்களில் பலருக்குத் தெரியும். நம் ஊர்த் தம்பி ஒருவர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பாகம் பாகமாக வாங்கி வந்து, இந்த அறையிலேயே உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தது. ஒன்றரை ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு நின்றது. அப்போது நாங்கள் செய்த தவறுகளைத்தான் முதலில் சொல்லப்போகிறோம். வைத்தியம் அதற்குப் பிறகு.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு சுவிட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மூன்று நாள்தான் பாக்கி. ஐந்து பிள்ளைகளின் விண்ணப்பம் காத்திருந்தது. அந்தப் பதற்றத்தில், "எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும்" என்று ஒருவர் சொன்னதும் புதிது வாங்கினோம். அப்படியே இருந்தது. ராம் மாற்றினோம். அப்படியே இருந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர், "போர்டு போச்சு" என்றார். பழைய போர்டு ஒன்று வாங்கிப் போட்டோம். அப்போதும் ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. மொத்தம் 6,300 ரூபாய். அது நீங்கள் கொடுத்த சதகா பணம் என்பதை மறைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

பணத்தைவிட மோசமான ஒன்றையும் செய்தோம். பூட்டிக் கொடுத்த தம்பி பழைய சாமானைப் புதிது என்று வைத்துவிட்டார் என்று பேசினோம். பள்ளிவாசல் வாசலில் நின்றே பேசினோம். அவருடைய வாப்பா அதைக் கேட்டுவிட்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் போனார்.

நான்கு பிள்ளைகளை பஸ்ஸில் பொன்னேரிக்குக் கூட்டிப்போய் விண்ணப்பத்தைப் போட்டு முடித்தோம். ஐந்தாவது பிள்ளையின் வருமானச் சான்று ஸ்கேன் இந்தப் பெட்டிக்குள் இருந்தது. மூலச் சான்று அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் அந்த ஆண்டு போகவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, பாலிடெக்னிக் படிக்கும் நம் தெருப் பிள்ளை ஒன்று வந்தது. நாங்கள் மாற்றியதையெல்லாம் வரிசையாகச் சொன்னோம். கேட்டுவிட்டு, "மாமா, எதை மட்டும் மாத்தலை?" என்றது. யோசித்தோம். மாற்றாதது கேபினட் பெட்டி ஒன்றுதான்.

அந்தப் பிள்ளை போர்டைக் கழற்றி வெளியே எடுத்து, காய்ந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தது. பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., திரை. வேறு எதுவும் இல்லை. கேபினட்டிலிருந்து வரும் சுவிட்சு ஒயர்களையும் போர்டில் சொருகவில்லை. பவர் சுவிட்சு சொருகும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டது. திரை வந்துவிட்டது. எங்கள் பழைய போர்டையும் பழைய ராமையும் வைத்துப் பார்த்தது. அதுவும் வந்தது.

பழுது எங்கே தெரியுமா? கேபினட்டின் முகப்பில் இருக்கிற சின்ன ரீசெட் பொத்தானில். உள்ளே துருவேறி, அழுத்தின நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ரீசெட் அழுந்தியே இருந்தால் மின்சாரம் வரும், ஃபேன் சுற்றும், ஆனால் பிராசசர் வேலையைத் தொடங்காது. அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டோம். ரீசெட் பொத்தான் இல்லாமலே இன்றுவரை ஓடுகிறது. தம்பி வீட்டுக்குப் போய், அவர் வாப்பாவின் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். எந்த வாசலில் பேசினோமோ அதே வாசலில் ஜமாஅத்தாரிடமும் சொன்னோம்.

அந்தப் பிள்ளை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை இதுதான். சந்தேகப்படும் சாமானை வாங்குவதற்கு முன்னால், தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிடுங்கள். குறைந்தபட்சத்தில் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நின்றதோ, அங்கேதான் பழுது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. பிராசசரிலேயே திரைக்கான வசதி இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றிவிட்டு, திரையின் ஒயரைப் போர்டிலேயே சொருகிப் பாருங்கள். கார்டு இருக்கும்போது போர்டில் சொருகிவிட்டு, திரை வரவில்லை என்று தவிக்கிற வீடுகளும் நம் ஊரில் உண்டு.

கை வைப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். கடலுப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே தானாக நீர்த்துவிடும். இங்கே எத்தனையோ இரவுகளில் ஈரம் அதற்கு மேல்தான். போர்டின்மேல் படிந்த தூசியில் உப்பு இருந்தால், அது இரவில் நனைந்து பகலில் காயும். பின்கள் பச்சை பூக்கும். போட் இன்ஜினைக் கடலிலிருந்து கொண்டுவந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரை ஏரிக் காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரம் வைத்துவிட்டு, சென்னையில் ஐந்து வருடம் ஓடுவது இங்கே ஏன் ஓடவில்லை என்று கேட்கிறோம்.

காற்று நேராகப் படாத சுவரோரம் வையுங்கள். தரையில் வேண்டாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை என்றாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் போகும். ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடலாம். ஓடும்போது மூடாதீர்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

ராமின் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்தாலும் திரை வராது. சில போர்டுகள் "பீப் பீப்" என்று திரும்பத் திரும்பக் கத்தும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும்; அதற்கான புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ராமைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை சொருகுங்கள். அது கிடைக்காவிட்டால் வெள்ளை பென்சில் ரப்பரால் மெதுவாக. எமரித் தாள் வேண்டவே வேண்டாம். பூச்சு மிக மெல்லியது, அது போய்விட்டால் உப்பு நேராகச் செம்பைத் தின்னும். இரண்டு ராம் இருந்தால் ஒன்று ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். திரை வந்தும் அடிக்கடி உறைந்து நின்றால், மெம்டெஸ்ட்86 என்ற பரிசோதனையைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓடவிடலாம். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்ப முடியாது.

பத்து நிமிடம் ஓடிவிட்டுத் தானே அணைந்தால், முதலில் பிராசசர்மேல் இருக்கும் ஃபேனைப் பாருங்கள். வலை சீர்ப்படுத்தும் வீடுகளில் நைலான் நூல் துணுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல அடைத்திருக்கும். சுத்தம் செய்தும் அணைந்தால், பிராசசருக்கும் உலோகக் கட்டைக்கும் இடையே உள்ள பசை காய்ந்திருக்கலாம்.

"இன்டர்நெட் வேலை செய்யவில்லை, எந்தப் பக்கம் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது" என்று ஒரு தாயார் வந்தார். தேதியைப் பார்த்தால் பல ஆண்டு பின்னால் இருந்தது. போர்டில் இருக்கும் காசு போன்ற சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று காலாவதியானதாகவோ இன்னும் செல்லுபடியாகாததாகவோ தெரியும், அதனால் திறக்காது. பழைய போர்டு வாங்குகிறவர்கள் அதிலுள்ள உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் வாங்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க வந்த போர்டுகள் பல இந்தக் குறையாலேயே செத்தன.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? அது பேய் இல்லை, எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் சொருகாதீர்கள். எர்த் ஒயர் சுவரோடு நின்றுவிட்டதா, மண்ணுக்குள் போகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். நம் உப்பு மண்ணில் எர்த் கம்பியும் அரித்துப்போகும்.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பெட்டியோடு வரும் பிராசசருக்குப் பொதுவாக 3 ஆண்டு. ஆனால் துருவோ ஈரம் பட்ட தடமோ இருந்தால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆகவே பில்லையும் பத்திரப்படுத்துங்கள், போர்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அதற்கு முன்பே, பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒரு பென் டிரைவிலும், வாப்பா உம்மாவின் போனிலும் நகல் வைத்துவிடுங்கள். அந்த ஐந்தாவது பிள்ளைக்கு நாங்கள் அதைச் செய்யாமல் விட்டோம். மறு ஆண்டு விண்ணப்பத்தை நாங்களே கூட இருந்து போட்டுக் கொடுத்தோம். போன ஆண்டு உதவித்தொகை போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அந்தத் தம்பியும் பாலிடெக்னிக் பிள்ளையும் இங்கே இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். கேபினட்டையும் பில்லையும் கொண்டுவந்தால் போதும், திரை வேண்டாம். வண்டியில் கொண்டுவருகிறவர்கள் போர்வையால் சுற்றிக்கொள்ளுங்கள். வருவதற்கு முன் எதைக் கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.