வீட்டுப் பூனை: சில செய்திகள்

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



தாய்மார்களே, சகோதரர்களே, பிள்ளைகளே! கல்வி உதவி, குமர் உதவி பற்றிப் பேசும் இடத்தில் பூனைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பூனை செத்தால் நம் தெருக்களில் பிள்ளைகள் அழுவதோடு காரியம் முடிவதில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார்" என்ற பேச்சு கிளம்புகிறது. இரண்டு வீட்டார் ஸலாம் சொல்வதையே நிறுத்திக்கொள்கிறார்கள்.

குட்டி இரண்டு நாள் இரை எடுக்காமல், வாந்தியும் பேதியுமாகி இறந்தால் அது விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய்க்கும் இதே அடையாளம்தான். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூடக் கிடக்கும். ஆகவே, பிள்ளை அழுகிறது என்று அடுத்த குட்டியை அதே சாக்கில் படுக்க வைக்காதீர்கள். சாக்கை எரித்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தரையைத் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பினாயில் வேண்டாம், பூனை தன் காலை நக்கும், பினாயில் அதற்கு நஞ்சு. குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடியும் ஒன்று.

உண்மையிலேயே விஷம் என்றால், அது பெரும்பாலும் எலிக்கு நாம் வைத்ததுதான். சம்பா பால் பிடிக்கும் காலத்தில் வயலில் மருந்து வைக்கிறோம். அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பூனை பிடிக்கிறது. தஞ்சாவூர் கிட்டி என்று நம் ஊர்ப் பெயரிலேயே மூங்கில் பொறி இருக்கிறதே! வீட்டை ஒட்டிய வயலுக்காவது அதை வைக்கலாம்.

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். ஒரே மாத்திரை அதன் உயிரை எடுத்துவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் தடவக் கூடாது.

இனி மனிதர் உயிர். பூனைக்கும் வெறிநோய் வரும். மூன்று மாதம் நிரம்பியதும் அதற்கான ஊசி, பிறகு வருடந்தோறும். பூனை கடித்தாலோ, இரத்தம் வரப் பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; ஊசி இலவசம். அங்கே 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். மூன்றோடு நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. வேறொருவர் தினமும் அள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு மேல் கிடந்தால்தான் அதிலுள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வருகிறது.

பூனை நஜீஸ் அல்ல. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி ஹதீஸில் உண்டு. பூனையை அடைத்து வைத்து, இரையும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண்ணின் செய்தியும் உண்டு. முதலாவதை எல்லோரும் சொல்கிறோம். இரண்டாவது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் வெளியூர் போகிறவர்களுக்கு.

இன்னொன்று. கண் திறக்காத குட்டிகளைப் பையில் கட்டிப் பள்ளிவாசல் ஹவுள் ஓரம் விடுகிறார்கள். தாயில்லாமல் அவை ஓர் இரவுக் குளிரைத் தாங்காது. எட்டு வாரம் தாயோடு விட்டுப் பிறகு ஆள் பார்த்துக் கொடுங்கள். பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது; பெரிய வைத்தியத்துக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கொண்டுபோக வண்டி இல்லாதவர்கள் நம் அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு சொல்லுங்கள்.