கூரையில்லாக் காரின் முதுகெலும்பு



தில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-ஆம் ஆண்டில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பை உங்களுள் பலர் கண்டிருக்கக் கூடும். அதில் மடக்குக் கூரைக் கார்களையே மக்களின் கண்கள் முதலில் நாடும். அந்த அழகுக்காகக் காரின் உடல் எதை இழக்கிறது, அவ்விழப்பை எவ்வாறு ஈடு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும் மறைப்பு மாத்திரமன்று. காரின் வலுவில் அதற்கும் பங்குண்டு. தீப்பெட்டியின் உள்தட்டைத் தனியே உருவி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், உடனே நெளியும். உறைக்குள் செலுத்திய பின் முறுக்கினால் எளிதில் இணங்காது. கூரையற்ற கார் உறையிழந்த தட்டுப் போன்றது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் உடல் முழுவதும் முறுக்கிக்கொள்ளும், முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும், ஸ்டியரிங் அதிரும்.

இதற்குக் கனத்த இரும்பைச் சேர்ப்பது ஒன்றே பரிகாரம் என்று எண்ணுவது பொருந்தாது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுக் குழாயை நெடுக ஒரே கோடாகப் பிளந்துவிட்டால், இரும்பின் எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு 400-இல் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். வலுவைத் தருவது மூடிய வடிவம். துரு செய்யும் கேடும் இதுவே. மூடிய பெட்டியை அது திறந்துவிடுகிறது.

எங்கே வலுவூட்டுவது என்பது காருக்குக் கார் மாறும். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயருடன் உருவான கார் இதன் வழி வந்ததே. இதற்குத் தனிச் சாஸி உண்டு. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. ஆகவே இதில் நடுச் சட்டங்களையும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், ஓரச் சட்டங்களையும் ஆராய வேண்டும்.

இதன் தம்பியான ஸ்பிட்ஃபயர் 1962-இல் பிறந்தது. அதன் சாஸியில் ஓரச் சட்டங்கள் இல்லை. கதவுகளின் கீழே ஓடும் தகரப் பெட்டிகளே அந்தச் சுமையைத் தாங்குகின்றன. ஹெரால்டில் அவ்விடத்துத் தகடு துருப்பிடித்தால் அழகு குறையும். ஸ்பிட்ஃபயரில் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே தளரும்.

செப்பனிடும் முறையிலும் கவனம் தேவை. துருப்பிடித்த பெட்டியை வெட்டுமுன் வண்டியைச் சமதளத்தில் ஏற்ற இடங்களில் தாங்கி நிறுத்த வேண்டும். கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்துப் பிணைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, கதவை மாட்டி இடைவெளி சரியாயிருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுதும் பற்றவைக்க வேண்டும். இப்படிச் செய்யாவிடில் வளைந்த உடல் வளைந்தபடியே நிலைபெற்றுவிடும். வலுவூட்டும் தகடு சட்டென முடியாமல் படிப்படியாகக் குறுகி முடிவது நலம். இல்லையேல் அது முடியும் இடத்திலேயே விரிசல் தொடங்கும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடவும் கூடாது.

பழைய திறந்த காரை வாங்க விரும்புவோர் பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பட்டி பூசி மறைத்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, சுமையையும் தாங்காது. சாஸியின் உறுதியான ஓரிடத்தில் ஜாக்கி வைத்து ஒரு மூலையை மெல்ல உயர்த்திக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இடித்தாலோ, அதன் மேல் இடைவெளி கண்கூடாக மாறினாலோ, விலை பேசுவதை நிறுத்திவிட்டுச் சாஸியின் அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் அமரப்போவது அந்தச் சட்டத்தின் மீதுதான்.