சாவியைக் கொடுக்குமுன் சீட்டை வாங்குங்கள்



பால்வாளியைக் கட்டிக்கொண்டு சைக்கிள்கள் போன சுங்கை சிப்புட் தோட்டச் சாலைகளில் இப்போது பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பகலெல்லாம் உரமூட்டை சுமக்கும் வண்டி, சாயங்காலம் கழுவித் துடைத்த கோலத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈப்போ குட்டி இந்தியாவுக்குக் கிளம்பும். அதன் விலை பெரும்பாலும் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும். மாதத் தவணை ஒன்பது ஆண்டு வரைக்கும் நீளும்.

அப்படி வாங்கிய புது வண்டி மூன்றாம் மாதமே மக்கர் செய்தால்?

சிறுதோட்டக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஈப்போ சேவை மையத்தில் கணினியை மாட்டிப் பார்த்து, விளக்கை அணைத்துக் கொடுக்கிறார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் விளக்கு மறுபடியும் எரிகிறது. அடுத்த முறை, "பார்ட்ஸ் வரணும் அண்ணே" என்கிறார்கள். மூன்றாம் முறை, "இந்த மாடலே இப்படித்தான் அண்ணே" என்று முடித்துவிடுகிறார்கள். வண்டி பட்டறையில் தூங்குகிறது. தவணை மட்டும் தூங்குவதில்லை. செம்பனைக் குலையும் காத்திருக்காது. வெட்டி ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கிவிடும்.

"இந்த மாடலே இப்படித்தான்" என்ற பதிலுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது கடும் சூட்டில் எரித்துச் சாம்பலாக்கினால்தான் அது அடைக்காது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சுனர், பிராடோ வண்டிகளில் இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை. வெள்ளைப் புகை, நாற்றம், பட்டறைக்கு நடையோ நடை! உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். 264,170 வண்டிகள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில், வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று 2022 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக் கணக்குக்கான சண்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 நவம்பரில் அங்கே தீர்ப்பு வந்தது.

அந்த 'ஏற்கத்தக்க தரம்' நம் மலேசியச் சட்டத்திலும் இருக்கிறது, நேயர்களே. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பாருங்கள். விற்ற பொருள் பாதுகாப்பானதாக, நீடித்து உழைப்பதாக, சின்னக் குறையும் இல்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. 37ஆம் பிரிவு உதிரி பாகத்தையும் பழுதுபார்ப்பையும் பற்றியது. ஒன்று கவனம்: சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வழக்கமாக வாங்கும் பொருளுக்குத்தான் இந்தச் சட்டம். ஆகவே உரமூட்டை கதையை மட்டும் சொல்லாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் 'லெமன் சட்டம்' இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகக் கொள்வார்கள்; இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே 1999 சட்டம்தான் பிடிமானம். அதைப் பிடித்து ஏற ஒரு கயிறு வேண்டுமே! அந்தக் கயிறுதான் பட்டறையில் தரும் ஜாப் ஷீட்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முகப்பில் இருப்பவர் 'எஞ்சின் செக்' என்று இரண்டே சொல் எழுதுவார். தோட்டக்காரர் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு சொல்லை வைத்து எதை நிரூபிப்பது? 'காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறுகிறது, இரண்டாம் கியர் மாறும்போது இடிக்கிறது, போன வாரம் பார்த்த அதே கோளாறு' என்று எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர், தேதி, விட்ட நேரம், எடுத்த நேரம் எல்லாம் அதில் வர வேண்டும். விளக்கு எரியும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஒன்றும் கோளாறில்லை" என்று திருப்பிக் கொடுத்தாலும் அதையும் எழுதி வாங்குங்கள். ஒரே கோளாறுக்கு நாலு சீட்டு இருந்தால், அந்த நாலும் சேர்ந்து பேசும்.

அப்புறம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். கட்டணம் ஐந்தே வெள்ளி. பொதுவாக வழக்கறிஞருக்கு இடமில்லை. தோட்டக்காரரே தன் வாயால் பேசலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். முழு வண்டி விலைக்கு அது போதாது; பழுதுச் செலவு, நஷ்டம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் போதும்.

நேரம் முடிகிறது. சட்டப் பிரிவு எண்கள் மறந்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை சேவை மையத்துக்குப் போகும்போது, கோளாறை விவரமாக எழுதிய சீட்டின் நகல் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.